கூத்துக்களம் முதல் கைத்திரை வரை: காட்சிக் கட்டணத்தின் வரலாறு

முன்னுரை

காட்சிக்கலை எதுவாயினும் அதற்குச் செலவு உண்டு. ஆடுவோர் உண்ண வேண்டும். விளக்கு எரிய வேண்டும். காண்போர் அமர இடம் வேண்டும். இச்செலவை ஏற்பவர் யார் என்னும் வினாவிற்குத் தமிழகத்தில் ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடையைத் தந்துள்ளது. ஊர் கொடுத்த காலம் ஒன்று. ஆள் கொடுத்த காலம் ஒன்று. வீடு கொடுக்கும் காலம் இது. திரையரங்கிற்குச் செல்வதா, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் காண்பதா என்று இன்று குடும்பந்தோறும் போடப்படும் கணக்கு புதியது போலத் தோன்றினும், நீண்டதொரு வரலாற்றின் தொடர்ச்சியே ஆகும். அவ்வரலாறு பெரும்பாலும் சென்னையின் பெரிய அரங்குகளை முன்வைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. காஞ்சிபுரத்திற்கும் உத்திரமேரூருக்கும் இடையே செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல் போன்ற ஒரு சிற்றூரில் நின்று நோக்கினால் அது வேறொரு வடிவம் கொள்கிறது.

ஊர் கொடுத்த காலம்

மாகறல், ஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். தொண்டை நாட்டின் 32 தலங்களுள் ஒன்று. இத்தகைய தலங்களில் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. இசையும் கூத்தும் நிகழ்ந்த களமாகவும் இருந்தது. கூத்தாடியோர்க்குச் சோழர் காலத்தில் காணியாக நிலமும் நெல்லும் வழங்கப்பட்டமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகத்தை ஆண்டுதோறும் நடித்தற்கு 120 கலம் நெல் அளிக்க இரண்டாம் இராசேந்திரன் ஆணையிட்டது அறிஞர் பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. அங்கே காண்பவர் ஏதும் தரவில்லை. அரசும் கோயிலும் தந்தன.

பிற்காலத்தில் இவ்வட்டாரத்தில் அந்த இடத்தைத் தெருக்கூத்து பெற்றது. செய்யாற்றுப் பகுதியின் புரிசை, கூத்துக் கலைஞர் பரம்பரையால் பெயர் பெற்றது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நிகழும் நாள்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெறும். அதற்கான செலவை ஊரார் தலைக்கட்டு வரியாகத் தண்டினர். களத்திற்கு வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. விடியும்வரை எவரும் வந்து காணலாம்.

எனினும் இக்காலத்தைப் பொற்காலமாக வரைந்துவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஊர் வேறு, சேரி வேறு என்றிருந்த சமூகத்தில் கோயில்முன் அமைந்த களம் எல்லார்க்கும் ஒன்றுபோல் உரியதாக இருக்கவில்லை. எங்கே நிற்பது, எங்கே அமர்வது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. கட்டணமின்மை ஒன்றே சமத்துவம் ஆகிவிடாது என்பதை ஈண்டு மனங்கொள்ள வேண்டும்.

ஆள் கொடுத்த காலம்

திருச்சியில் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் தூப்பாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார். சென்னையில் எலக்ட்ரிக் தியேட்டர், ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி ஆகியன அதே காலத்தில் எழுந்தன. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டதோடு படம் பேசத் தொடங்கிற்று.

தமிழ்நாட்டில் திரைப்படம் நிலையான அரங்கில் பிறந்து சிற்றூருக்கு இறங்கியதன்று. அது பயணத்திலேயே பிறந்தது. கூடாரமே மூத்தது, கட்டடம் இளையது. இந்தப் புதிய கலை தன்னோடு ஒரு புதிய முறையையும் கொண்டுவந்தது. அதுவே தலைக்கு ஒரு சீட்டு. ஊர் கூடித் தந்த நிலை மாறி, ஒவ்வோர் ஆளும் தன் கைக்காசைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்.

இம்மாற்றத்தின் ஆழத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் வெளியான தம் நூலில் தெளிவாக எடுத்துரைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதல் கலைக்கூடம் திரையரங்கே என்பதும், அங்கே இருக்கையை முடிவு செய்தது ஒருவரின் சமூகப் படிநிலை அன்று, அவர் கொடுக்கக்கூடிய காசே என்பதும் அவர்தம் கருத்து. தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் பிரிவுகள் பணத்தால் அமைந்தவை. அவற்றிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆயினும் காசு கொடுத்தவரை எழுந்து போ என்று சொல்ல இயலாத இடமாக அது இருந்தது. கூத்துக்களத்தில் கிட்டாத உரிமை கொட்டகையின் மணலில் நாலணாவிற்குக் கிட்டியது.

கீற்றுக்கொட்டகையும் காத்திருப்பும்

டூரிங் டாக்கீஸ் என வழங்கிய கீற்றுக்கொட்டகைகள் சிற்றூர்களின் திரையரங்குகளாய் விளங்கின. 1955-ஆம் ஆண்டின் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-இன் விதிகளும் நிலையான அரங்கு, அரைநிலை அரங்கு, பயண அரங்கு எனப் பிரித்து உரிமம் வழங்கின. மாட்டுவண்டியில் மேளம் கொட்டி நோட்டீசு வீசுவதும், மாலையில் ஒலிபெருக்கிக் குழாய் பாடத் தொடங்கியதும் வரப்பில் நடப்போர் நடையை எட்டிப் போடுவதும், முன்னிருப்பவர் தலை மறைக்காதிருக்க மணலைக் குவித்து அதன்மேல் அமர்வதும் அக்காலத்தார் நினைவில் நிற்பவை. படக்கருவி ஒன்றே இருந்தமையால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடப்பட்டது. முறுக்கும் சோடாவும் பாட்டுப் புத்தகமும் அப்போது விற்றன.

சீட்டு விலை எவ்வாறு இவ்வளவு குறைந்திருந்தது என்பது ஆராயத்தக்கது. கூரையும் தரையும் மலிவு என்பது ஒரு காரணம். காலமே முதன்மையான காரணம். ஒரு படத்திற்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலேயே படச்சுருள்கள் எடுக்கப்பட்டன. அவை முதலில் பெருநகரங்களிலும், பின்னர்ச் சிறு நகரங்களிலும் ஓடித் தேய்ந்து, மழைக்கோடு விழுந்த நிலையில் சிற்றூர்க் கொட்டகையை அடைந்தன. அதற்குள் மாதங்கள் கழிந்திருக்கும். சில வேளை ஆண்டுகளும் கழிந்திருக்கும். பழைய படத்திற்கு வாடகை குறைவு. ஆதலின் சீட்டும் குறைவு. நகரத்தார் விலை கொடுத்து முந்திப் பார்த்தனர். சிற்றூரார் காத்திருந்து மலிவாகப் பார்த்தனர். காத்திருப்பே சிற்றூருக்குக் கிடைத்த தள்ளுபடி எனலாம். இச்செய்தி இன்றைய நிலையை விளங்கிக்கொள்ளத் திறவுகோலாகும்.

வரி சென்ற வழி

1939-இல் சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வரியின் பெரும்பகுதி, அதாவது 90 விழுக்காடு, உள்ளாட்சி அமைப்புகளுக்கே ஒதுக்கப்பட்டு வந்தது. கொட்டகையில் மணலில் அமர்ந்தவர் கொடுத்த காசில் ஒரு பங்கு அவர் நடந்து செல்லும் தெருவின் விளக்கிற்கு உதவும் வாய்ப்பு இருந்தது. 2006-இல் தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. மொழிக்குப் பெருமை சேர்த்த அந்நடவடிக்கையின் பயன் சீட்டு வாங்குவோரை எட்டியதா என்பது பின்னர் நெடுநாள் விவாதமாயிற்று.

2017 சூலை 1 முதல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. ரூ.100 வரையிலான சீட்டுக்கு 18 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 28 விழுக்காடும் விதிக்கப்பட்டன. அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர, திரையரங்குகள் அம்மாதத் தொடக்கத்தில் சில நாள்கள் மூடப்பட்டன. 2019 சனவரி 1 முதல் இவ்விகிதங்கள் 12, 18 எனக் குறைந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.100 வரையிலான சீட்டுக்கு 5 விழுக்காடு என மேலும் குறைந்தது. நூறு ரூபாய்க்கு உட்பட்ட சீட்டுகள் எளியோர்க்குரியவை என்பதை அரசு ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று.

வீட்டிற்குள் வந்த திரை

1975 ஆகசுட்டு 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. 1980-களில் ஒளிநாடாவும், 1990-களில் கம்பிவடத் தொலைக்காட்சியும் பரவின. 2006 முதல் தமிழக அரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, பெட்டியில்லாத வீடு அரிதாயிற்று. கொட்டகைகளின் கீற்று ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டது. சுருள் போய் மின்னணுத் திரையிடல் வந்தபின் ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் படம் வெளியாயிற்று. சுருள் தேய்ந்து வரும்வரை காத்திருக்கும் முறையே மறைந்தது. அதனோடு காத்திருப்புக்குக் கிடைத்த தள்ளுபடியும் மறைந்தது. அவ்விடைவெளியைத் திருட்டுக் குறுந்தகடு நிரப்ப, 2004-இல் அது குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.

2013 சனவரியில் ‘விசுவரூபம்’ படத்தைத் திரையரங்குகளுக்கு முன்னதாக வீட்டுத் தொலைக்காட்சிக்கு நேரே வழங்கக் கமலகாசன் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், திட்டம் நிறைவேறவில்லை. ஏழாண்டுகளுக்குப் பின், பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டிருந்த 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ இணையத்தில் நேரடியாக வெளிவந்தது. அப்போதும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் ‘சூரரைப் போற்று’ 2020 நவம்பரிலும், ‘ஜெய் பீம்’ 2021 நவம்பரிலும் அதே வழியில் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. 2021 பொங்கலையொட்டி அரங்குகளில் வெளியான ‘மாஸ்டர்’ 16 நாள்களில் இணையத்திற்கு வந்தது. மாதக்கணக்கான காத்திருப்பு வாரக்கணக்காகச் சுருங்கிற்று.

இருவகைச் செலவு

இன்றைய கணக்கை எண்ணிப் பார்க்கலாம். ரூ.120 அடிப்படை விலையுள்ள சீட்டில் நால்வர் கொண்ட குடும்பம் படம் பார்ப்பின், 18 விழுக்காடு வரியுடன் ரூ.566.40 ஆகிறது. உள்ளாட்சி வரி, முன்பதிவுக் கட்டணம், தின்பண்டம், வண்டி நிறுத்தம், போக்குவரத்து ஆகியன தனி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26 ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி ரூ.336. ஒன்றரை நாள் உழைப்பு சீட்டுக்கே போதாது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டதால், உழைக்கும் பெண்ணொருத்தி அரங்கின் வாசல்வரை செலவின்றிச் செல்ல வழி பிறந்தது; உள்ளே செல்லும் விலைதான் தடையாய் நின்றது.

மறுபுறம், 2021 இறுதியில் நெட்பிளிக்சின் கைப்பேசித் திட்டம் மாதம் ரூ.149 ஆகவும், அமேசான் பிரைம் ஆண்டுக் கட்டணம் ரூ.1,499 ஆகவும் இருந்தன. ஒரு சீட்டின் விலையில் ஒரு மாதம் என்று தோன்றும் இக்கணக்கு முழுமையானதன்று. எல்லாப் படமும் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. படந்தோறும் தளம் மாறுகிறது. கைப்பேசி வேண்டும்; இணையத்திற்குத் தனிக் கட்டணம் வேண்டும். அரங்கிற்குச் செல்லாத மாதத்தில் செலவில்லை. சந்தாவிற்கோ பார்த்தாலும் பாராவிட்டாலும் செலவுண்டு. கொட்டகையில் சில்லறை போதும். இங்கே கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் வேண்டும். சந்தாவின்மீது விழும் 18 விழுக்காடு வரி மத்திய, மாநில அரசுகளுக்கே செல்கிறது. மணல்தரைக் காசு போல ஊராட்சியின் கணக்கிற்கு நேரே வருவதில்லை.

ஆயினும் சிற்றூரின் கண்ணோட்டத்தில் இணையத்திரை முற்றிலும் புதுமையன்று. சில வாரங்கள் பொறுத்திருந்தால் குறைந்த செலவில் காணலாம் என்னும் பழைய முறையையே அது மீட்டுத் தந்துள்ளது. அவ்வகையில் அது கீற்றுக்கொட்டகையின் வாரிசு. அது மீட்டுத் தராதது ஒன்றே; அதுதான் கூட்டம். அன்று மலிவான சீட்டு பலரை ஓரிடத்தில் சேர்த்தது. இன்று மலிவான சந்தா ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மூலையில் அமர்த்துகிறது.

கவிதைக்கு நேர்ந்தது

இவ்விழப்பு கவிஞர்க்கு நெருக்கமானது. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் வரிகளும் கண்ணதாசனின் வரிகளும் நூல் வழியாக மட்டும் உழவரிடம் சென்றன அல்ல. கொட்டகையின் ஒலிபெருக்கி வழியாகவும், பாட்டுப் புத்தகத்தின் வழியாகவும், படம் முடிந்து கூட்டமாய் வீடு திரும்புவோரின் வாய் வழியாகவும் சென்றன. எழுதப் படிக்க அறியாதவரும் அவற்றை மனப்பாடம் செய்தனர். கைத்திரையில் பாடலைத் தள்ளிவிட்டுச் செல்ல ஒரு விரலசைவு போதும். அரங்கிலும் பாட்டு வந்தால் புகைக்க எழுந்து சென்றோர் உண்டு. எனினும் வெளியே நின்றவர் செவியிலும் அப்பாட்டு விழுந்தது. இன்று தள்ளப்பட்ட பாட்டு எவர் செவியிலும் விழுவதில்லை.

முடிவுரை

ஊர் கொடுத்தபோது கட்டணமில்லை. ஆனால் எல்லார்க்கும் இடமில்லை. ஆள் கொடுத்தபோது கட்டணம் உண்டு, காசிருந்தோர்க்கெல்லாம் இடமுண்டு. வீடு கொடுக்கும் இந்நாளில் காட்சிக்குக் குறைவில்லை. கூடியிருக்கும் களத்திற்கே குறைவு. அரங்கின் விலை ஏற ஏற அது வசதியுடையோர்க்கு மட்டும் உரிய இடமாகும். அப்போது சிவத்தம்பி சுட்டிய அந்த ஒரே கூரை, கட்டடம் நிற்கும்போதே இல்லாமற் போகும். ஆதலின் நூறு ரூபாய்க்கு உட்பட்ட சீட்டும், சிறு நகரங்களின் எளிய அரங்குகளும் நிலைபெற வேண்டுமென்பது வணிகர் கவலை மட்டுமன்று. பண்பாட்டுக் கவலையும் ஆகும்.

இணையத்திரை இந்தியாவில் வேரூன்றிய காலமும் இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு கண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொருவரும் தத்தம் திரையோடு தனித்திருக்கப் பழகிய அப்பத்தாண்டில், சிலர் கூடி அமர்ந்து ஒருவர் பாட மற்றவர் கேட்டனர். அக்கூட்டத்திற்கு நுழைவுச்சீட்டு இல்லை. பிறப்பைக் கேட்கும் வழக்கமும் இல்லை. கூத்துக்களம் தந்த கட்டணமின்மையும் கொட்டகை தந்த சமத்துவமும் ஒருங்கே அமையும் இடங்கள் ஊர்தோறும் பெருக வேண்டும்.