எண்பேர் எச்சமும் தாயின் உடலும்

மகவு நலமுடன் பிறத்தலும் நலங்குன்றிப் பிறத்தலும் தாயின் உடல்நிலையோடு எவ்வாறு தொடர்புடையன என்னும் வினா மருத்துவ நூலார்க்கே உரியது எனப் பலர் கருதுவர். தமிழ் நூல்களைக் காலமுறையில் வைத்து நோக்குவார்க்கு அது நமக்கும் உரிய வினாவே என்பது புலனாகும். குறையுடைய குழந்தை பிறந்தவிடத்து அதற்குக் காரணம் யார்மேல் ஏற்றப்பட்டது? நாட்டு வழக்கில் தாய் ஒருத்தியே அப்பழியைச் சுமக்கின்றாள். நூல்களிலோ அங்ஙனம் இல்லை. இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் பற்றிய பழைய சான்று புறநானூற்றில் உளது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய 28ஆம் பாட்டில் மக்கட் பிறப்பின் குறைகளை எட்டாக எண்ணுகின்றார். குருடு, உறுப்பில்லாத பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கு வடிவு, மருள் என்பன அவை. இவற்றை எண்பேர் எச்சம் என்பது பண்டை வழக்கு. புலவர் இவற்றை எண்ணியது குறையற்ற பிறப்பினைப் பெற்ற அரசன் அறம் முதலியவற்றைத் தவறாது செய்தல் வேண்டும் என்று அறிவுறுத்தற் பொருட்டேயாம். எச்சம் எதனால் நேர்ந்தது என்று அவர் கூறினாரல்லர். தாயைச் சுட்டும் குறிப்பு ஒன்றேனும் அப்பாட்டில் இல்லை. சேரமான் கணைக்காலிரும்பொறையின் 74ஆம் பாட்டு, இறந்து பிறந்த குழவியையும் உருவமற்ற தசைத்திரளாய்ப் பிறந்ததனையும் வாளாற் பிளந்து அடக்கஞ் செய்த மறக்குடி வழக்கத்தைக் கூறுகின்றது. ஆங்கும் பெற்றவள் பழிக்கப்பட்டாளில்லை.

காரணங் கூறும் முயற்சியைத் திருமந்திரத்திற் காண்கிறோம். இரண்டாம் தந்திரத்தின் கருவுற்பத்திப் பகுதியில் திருமூலர், கருவுறுங் காலத்துத் தாயின் வயிற்றில் மலம் மிகுமாயின் மகவு மந்தனாம் என்றும், நீர் மிகுமாயின் ஊமையாம் என்றும், இரண்டும் ஒத்து மிகுமாயின் கண்ணிலதாம் என்றும் கூறுகின்றார். பலரும் எடுத்தாள்வது இப்பாட்டினையே. இதற்கு அணித்தாகவே நிற்கும் மற்றொரு பாட்டு அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. மூச்சுக்காற்றுக் குறையின் மகவு குறளாம், இளைப்பின் முடமாம், நடுப்படின் கூனாம் என்று கூறி, இக்காற்று மாதர்க்கு இல்லை என்று முடிக்கின்றது அது. எனவே குறளும் முடமும் கூனும் தந்தையின்பாற் பட்டன. மந்தமும் ஊமும் குருடும் தாயின்பாற் பட்டன. ஆணாதலும் பெண்ணாதலும் மூச்சு வலமாதல் இடமாதல் பற்றியன என்னும் பாட்டிற்கும் ஆடவனது மூச்சு என்றே பொருள் கொள்வர். பெண் மகவு பெற்றாள் என்று மருமகளை ஏசும் வீட்டார் திருமூலரைத் துணைக்கு அழைத்தல் இயலாது.

இங்குக் கருதற்பாலது ஒன்று உண்டு. தாயைப் பற்றிக் கூறுமிடத்தும் திருமூலர் கூறுவது 'மிகில்' என்னும் வினையெச்சத்தால் உணர்த்தப்படும் ஒரு நிலையையே. நிலை மாறுதற்குரியது, பிறவி இயல்பு அன்று. இதனைக் கொண்டு இக்கால அறிவியலைத் திருமூலர் முன்னரே அறிந்திருந்தார் என்பாரும் உளர். அது பொருந்தாது. மலமும் நீரும் மிகுதலால் குருடும் ஊமும் நேர்வன அல்ல. அவர் கூறிய காரணம் பிழைபட்டது. காரணத்தை இருவர்க்கும் பகுத்தமைத்த நடுவுநிலைமை பிழைபட்டதன்று.

நாட்டு வழக்கு இப்பகுப்பினைக் கைவிட்டது. மலடி என்னும் சொல் ஊர்தோறும் வசையாக வழங்க, மலடன் என்னும் ஆண்பாற் சொல் அருகியே வழங்குகின்றது.

ஆயினும் சேது யாத்திரை வழக்கில் பழைய நடுவுநிலைமை ஒருவாறு எஞ்சியுள்ளது. பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் 1914இல் திறக்கப்படுமுன் யாத்திரிகர் தோணியிற் கடல் கடந்து, தீவின் மணல்வழியே அக்காள்மடம், தங்கச்சிமடம் என்னும் ஊர்களைக் கடந்து இராமேசுவரம் சேர்ந்தனர். இவ்வூர்ப் பெயர்கள் சேதுபதி மரபினைச் சார்ந்த உடன்பிறந்த மகளிர் இருவரின் நினைவாக எழுந்த மடங்களால் அமைந்தன என்பது செவிவழிச் செய்தி. இவ்வழியே சென்றோருள் மகப்பேறு வேண்டியோர் பலர். கணவனும் மனைவியும் ஒருங்கே நீராடுவர். இருவரும் ஒருங்கே நோன்பு ஏற்பர். இராமநாதபுரத்திற்குத் தெற்கேயுள்ள திருப்புல்லாணியில் மகவு வேண்டுவோர்க்குப் பாயசம் வழங்கும் வழக்கம் இன்றும் உண்டு. தயரதன் இத்தலத்தில் வழிபட்டு மக்களைப் பெற்றான் என்பது அதற்குரிய தலவரலாறு. அக்கதையில் மகவின்மை தயரதனது குறையாகவே பேசப்படுகின்றது; உணவோ தேவியர்க்கு அளிக்கப்படுகின்றது. வேள்வித் தீயினின்று வந்த அவ்வுணவைக் கம்பர் பிண்டம் என்பர். கருவில் திரளும் தசையும் பிண்டமே, உண்ணும் திரளையும் பிண்டமே ஆதல் சொல்லாராய்ச்சியாளர் தனியே நோக்கத் தக்கது.

தாய்க்கு ஊட்டிய உணவே மகவாகின்றது என்னும் இக்கருத்திற்கு மருத்துவச் சான்று 20ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. அச்சான்றில் தமிழ்நாட்டிற்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழை மகளிரிடையே காணப்பட்ட கொடிய சோகை நோயை ஆராயத் தொடங்கினார். 1929இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் எலிகளைக் கொண்டும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அந்நாளில் கோஷா ஆசுபத்திரி எனப்பட்ட மகளிர் மருத்துவமனையிலும் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. இந்நோய்க்கு மேலைநாட்டில் அந்நாள் வழங்கிய தூய்மைப்படுத்தப்பட்ட ஈரற்சாறு பயன்படவில்லை. கடைகளில் மலிவாக விற்ற மார்மைட் என்னும் நொதிச்சாறு குணப்படுத்தியது. நோய்க்குக் காரணம் மகளிரின் பிறப்பும் அன்று, வினையும் அன்று, உணவிற் குறைந்த ஒரு பொருளே என்பது 1931இல் வெளிவந்த அவர் கட்டுரையால் விளங்கிற்று. 1941இல் அப்பொருள் பசலைக்கீரையினின்று பிரித்தெடுக்கப்பட்டு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

இதன் முழுப்பயன் அறுபது ஆண்டு கழிந்தே அறியப்பட்டது. தண்டுவடமும் மூளையும் மூடாது பிறக்கும் குழந்தையை முன்னர் ஒருமுறை பெற்ற மகளிர், அடுத்த கருவிற்கு முன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அக்குறை மீண்டும் நேர்வது 100க்கு 72 பங்கு குறையும் என்று 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. தண்டுவடக்குழல் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடுகின்றது. தான் கருவுற்றதனைத் தாய் அறியுமுன்னரே காரியம் முடிந்துவிடுகின்றது என்க. எண்பேர் எச்சத்துள் உறுப்பில் பிண்டம் எனப்பட்டவற்றுள் இவ்வகைப் பிறவிகளும் சில இருந்திருத்தல் கூடும், துணிந்து கூறுதற்கில்லை.

தாயின் எடையைப் பற்றிய சான்று மைசூரிலிருந்து கிடைக்கின்றது. அந்நகரத்து ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் பிறந்தோரின் எடைக்குறிப்புக்கள் காக்கப்பட்டிருந்தன. அங்குப் பிறந்து நடுவயதும் முதுமையும் எய்தினோரைப் பின்னர்த் தேடி ஆராய்ந்தனர். பிறப்பில் 2.5 கிலோவும் அதற்குக் குறைவும் இருந்தாருள் 100க்கு 11 பேர்க்கும், 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தாருள் 100க்கு 3 பேர்க்கும் இதயநோய் காணப்பட்டதாக 1996இல் அறிவித்தனர். கருவுற்ற காலத்தில் எடை குறைந்திருந்த தாயரின் மக்களிடை அந்நோய் மிகுதி. தாயின் எடை அவள் அன்று உண்டதனை மட்டும் காட்டுவதன்று. அவள் சிறுமியாய் இருந்தபோது அவளுக்கு எஞ்சியது எவ்வளவு என்பதனையும் அவளது உயரமும் எடையும் காட்டும். ஆண்கள் உண்டபின் எஞ்சியதனைப் பெண்கள் உண்ணும் வீடுகளில் இக்கணக்கு இரு தலைமுறைக்கு முன்னரே தொடங்குகின்றது. பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் என்று நிறைமாதத்தில் உணவைச் சுருக்கும் வழக்கமும் சிற்றுருவப் பெண்களின் இடர் கண்டு எழுந்த அச்சமே. சிற்றுருவிற்குக் காரணம் பசி, அதற்கு மருந்தாகவும் பசியே விதிக்கப்பட்டது.

ஏழைத் தாயர் கருவுற்ற காலத்தில் உணவு பெறுதற்பொருட்டு முத்துலட்சுமி ரெட்டியாரின் பெயரால் தமிழக அரசு 1987இல் உதவித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, லூசி வில்ஸ் ஆராய்ந்த இத்தமிழ்நாட்டில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் சோகையுடையர்.