மாணவ வீரர்: ஒரு சொல் பிறந்த கதை

விளையாட்டுப் புலமைப்பரிசிலில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போக நினைக்கிறீர்களா? அப்படியானால் ‘ஸ்டூடண்ட் அத்லெட்’ என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். மாணவ வீரர். படிப்பு முன்னால், விளையாட்டு பின்னால். எங்கள் அம்மா அப்பாமாருக்கு இதைவிடப் பிடித்த வரிசை இருக்காது. ஆனால் இந்தச் சொல்லைப் பரப்பியவர்கள் ஆசிரியர்கள் அல்ல. நட்டஈடு கொடுக்காமல் தப்ப வேண்டும் என்று நினைத்தவர்கள்.

அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டும் பணமும் ஒன்றாகவே பிறந்தன. 1852 ஆகஸ்டில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபெசோக்கி ஏரியில், ஹார்வர்டும் யேலும் படகுப் போட்டி நடத்தின. இரண்டு உயர்கல்வி நிறுவனங்கள் மோதிய முதல் போட்டி அதுதான். செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பனி. ஏரிக்கரைக்குப் பயணிகள் வருவார்கள் என்பது அதன் கணக்கு. பிறகு அமெரிக்கன் ஃபுட்பால் வளர்ந்தது, மைதானத்திலேயே இளைஞர்கள் இறக்கத் தொடங்கினார்கள். 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட, அடுத்த ஆண்டு ஓர் அமைப்பு உருவானது. 1910 முதல் அதன் பெயர் என்.சி.ஏ.ஏ. பல்கலைக்கழக விளையாட்டுக்கு விதி எழுதும் அமைப்பு இன்றும் அதுதான்.

1955இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஃபுட்பால் விளையாடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலைத்தளத்தில் இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைப்பது போன்ற நட்டஈட்டை அவருடைய மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விளையாட்டு வீரர் தொழிலாளி என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால், நாடு முழுவதும் பல்கலைக்கழகங்கள் பணம் கட்ட வேண்டி வரும். அந்த ஆபத்தைக் கண்டுதான் ‘மாணவ வீரர்’ என்ற சொல்லை உருவாக்கி எல்லா விதிகளிலும் புகுத்தினோம் என்று, 35 ஆண்டுகளுக்கு மேல் என்.சி.ஏ.ஏ.வை நடத்திய வால்ட்டர் பயர்ஸ் 1995இல் தன் நினைவு நூலில் எழுதினார். 1957இல் கொலராடோ உயர் நீதிமன்றம், ஃபுட்பால் அந்தக் கல்லூரியின் தொழில் அல்ல என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நட்டஈடு கிடைக்கவில்லை.

சரி, தொழிலாளி இல்லை, மாணவர்தான். அப்படியென்றால் படிப்பித்தார்களா?

கெவின் ராஸ் என்ற கூடைப்பந்து வீரர் 1978இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நுழைவுத் தேர்வில் அவர் எடுத்த புள்ளி, அங்கே படித்த சராசரி மாணவரின் புள்ளியில் பாதிகூட இல்லை. நான்கு ஆண்டு விளையாடினார். அவர் பிறகு தொடுத்த வழக்கின்படி, அவருக்குக் கொடுக்கப்பட்ட பாடங்களில் மட்பாண்டக் கலை, துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு ஆகியவை இருந்தன. (கூடைப்பந்து வீரருக்குக் கூடைப்பந்துக் கோட்பாடு!) வீட்டுப்பாடத்தைத் தயாரித்துத் தட்டச்சு செய்து கொடுக்க ஓர் உதவியாளரையும் அமர்த்தியிருந்தார்கள். 1982இல் வெளியே வந்தபோது பட்டம் இல்லை. மொழித்திறன் 4ஆம் வகுப்புப் பிள்ளையின் அளவு. அடுத்து சிகாகோவில் மார்வா காலின்ஸ் நடத்திய சிறுவர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மீண்டும் படித்தார். இருபதுகளில் இருந்த ஒரு மனிதர், உயரமான கூடைப்பந்து வீரர், அந்தச் சின்ன மேசைகளுக்கு நடுவில்! அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்?

வழக்கில் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மோசமாகப் படிப்பித்தார்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு அதை நிறைவேற்றவே இல்லை என்றால் போடலாம். தனிப்பயிற்சி ஆசிரியர் தருவோம் என்று பயிற்சியாளர் போனில் சொல்வது வேறு, அதே வரி தாளில் இருப்பது வேறு.

இப்படியான செய்திகள் பெருகியதும் 1983இல் என்.சி.ஏ.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது: 11 அடிப்படைப் பாடங்களில் 2.0 சராசரி, எஸ்.ஏ.டி. தேர்வில் 700 புள்ளி. இல்லையென்றால் முதலாண்டில் விளையாட முடியாது. கறுப்பினக் கல்லூரிகளின் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தத் தேர்வில் வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம் எடுப்பார்கள் என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் இரண்டு பக்கத்திலும் உண்மை இருந்தது.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் சண்டையை மைதானத்துக்கே கொண்டுவந்தார். தகுதி குறைந்தவர்களுக்கு முதலாண்டுப் புலமைப்பரிசிலையும் மறுக்கும் புதிய விதியை எதிர்த்து, 1989 ஜனவரி 14 அன்று ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எழுந்து வெளியே நடந்தார். பின்னர் அந்த விதி ஓரளவு தளர்த்தப்பட்டது. படிப்பில் சலுகை காட்டும் ஆள் அல்ல அவர். முன்னாள் கன்னியாஸ்திரியான மேரி ஃபென்லன் என்ற ஆசிரியையைப் படிப்புக்குப் பொறுப்பாக வைத்தார். ஆட்டங்களின்போதும் அவர் அணியோடு உட்கார்ந்திருப்பார். தாம்சனின் அலுவலகத்தில் காற்றுப் போன ஒரு கூடைப்பந்து இருந்தது. பந்தில் காற்று இல்லாத காலமும் வரும், அப்போது என்ன செய்யப்போகிறாய் என்று அது வீரர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரிடம் நான்கு ஆண்டும் இருந்தவர்களில் 97 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. 1973 முதல் ஏறத்தாழ 40 ஆண்டு புலமைப்பரிசில் ஓராண்டுக்குத்தான் கிடைத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். காலை முறித்துக்கொண்டவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வு, பல்கலைக்கழகமே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர் வரை வீரர்களோடு பகிரலாம் என்றது. டென்னிசனின் மனைவி கேள்வி கேட்டு 70 ஆண்டு கழித்து! இதிலும் எங்களில் பலருக்கு ஒரு சிக்கல் உண்டு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாணவர் விசாவில் போகிறவர், அமெரிக்க நண்பரைப் போலத் தாராளமாக உழைத்துச் சம்பாதிக்க அந்த விசா இடம் கொடுக்காது.

முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களுக்கு இன்று கேட்கப்படுவது 16 அடிப்படைப் பாடங்களும் 2.3 சராசரியும். எஸ்.ஏ.டி. நிபந்தனை 2023இல் நீங்கிவிட்டது. அமெரிக்கப் பள்ளியில் படிப்பவர் 16இல் 10 பாடத்தைக் கடைசி ஆண்டு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும், அவற்றில் 7 ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம். வேறு நாட்டில் படிப்பவர் 9ஆம் வகுப்பு முதலான பெறுபேறுகளை அனுப்ப வேண்டும். ஆகவே 14 வயதில் நீங்கள் எடுத்த கணிதப் புள்ளியையும் அங்கே ஒருவர் எடுத்துப் பார்ப்பார், அதே வயதில் நீங்கள் அடித்த கோலை யாரும் பார்த்திருக்காவிட்டாலும்.