விரலும் அணுவும்

துலாக்கயிற்றைக் கையால் முழம் போட்டு அளக்கும் முதியவர்களை நம்மூர்களில் நாம் கண்டதுண்டு. பாட்டனார் பத்து முழம் என்று அளந்த கயிறு, நெடிய பேரனுடைய கையில் ஒன்பதரை முழமாகிவிடும். கயிறு குறையவில்லை, கைதான் நீண்டது. உடலுறுப்பையே அளவுகோலாகக் கொண்ட மக்கள் யாவர்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. பள்ளியில் நாம் பயின்ற விவிலியத்திலே நோவாவின் பேழைக்கு நீளம் 300 முழம். ஆங்கிலேயரோ வாற்கோதுமை மணி மூன்றை நீளவாக்கில் அடுக்கி ஓர் அங்குலம் என்றனர். இத்தகைய பழைய அளவுகளை இன்றைய விஞ்ஞானத்தின் சிற்றளவுகளாக மாற்றுமிடத்து எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழரின் பழைய நீட்டலளவை வாய்பாடொன்று அணுவிலிருந்து தொடங்குகின்றது. அணு எட்டுக் கொண்டது கதிரெழுதுகள். அதன்மேல் பஞ்சுத்துகள், மயிர்நுனி, நுண்மணல், வெண்சிறுகடுகு, எள், நெல் என ஒவ்வொரு படியும் எட்டெட்டாய்ப் பெருகி, நெல் எட்டுக் கொண்டது விரல் என்று வந்து சேரும். விரல் பன்னிரண்டு ஒரு சாண். சாண் இரண்டு ஒரு முழம்.

இனிக் கணக்கிடுவோம். முழம் 18 அங்குலம் என்று கொள்வோமாயின், அதன் இருபத்துநான்கில் ஒரு பங்காகிய விரல் முக்கால் அங்குலம். அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என 1959ஆம் ஆண்டிலே வரையறுக்கப்பட்டது. எனவே விரல் 19.05 மில்லிமீற்றர். எட்டை எட்டு முறை பெருக்க 16,777,216 வரும். விரலை அத்தொகையால் வகுத்தால், வாய்பாட்டின் அணு சுமார் 1.14 நனோமீற்றர், அதாவது ஏறத்தாழ 11 அங்ஸ்ட்ரம் ஆகின்றது. அங்ஸ்ட்ரம் என்பது ஒரு சதமமீற்றரின் பத்துக்கோடியில் ஒரு பங்கு. 1868இல் சூரிய நிறமாலையின் அலைநீளங்களை இத்துணைச் சிறிய அளவால் குறித்து வெளியிட்ட சுவீடன் நாட்டறிஞரின் பெயரால் அது வழங்குகின்றது. ஐதரசன் அணுவின் குறுக்களவு ஏறக்குறைய 1 அங்ஸ்ட்ரம். ஏனைய அணுக்கள் சில அங்ஸ்ட்ரம் வரை செல்லும்.

பதினொன்று எங்கே, ஒன்று எங்கே என்று எண்ணாது, "நம் முன்னோர் அணுவை அளந்துவிட்டனர்!" என்று மேடையிலே முழங்கத் தோன்றுகின்றதல்லவா? நாமும் முதலில் அவ்வாறே மகிழ்ந்தோம். ஆயின், இறுதிப் படியை மட்டும் பார்த்து மகிழ்வது முறையன்று; இடைப்படிகளையும் சோதித்தல் வேண்டும். வாய்பாட்டின்படி நெல் 2.4 மில்லிமீற்றர். நெல்மணியின் அகலத்தோடு இது பொருந்துகின்றது. எள்ளோ 0.3 மில்லிமீற்றர் என வருகின்றது. மெய்யான எள்ளின் அகலம் 2 மில்லிமீற்றரளவு. கடுகு 0.04 மில்லிமீற்றருக்கும் குறைவாக வருகின்றது. கையில் எடுக்கும் கடுகு ஒரு மில்லிமீற்றரேனும் இருக்கும். மயிர்நுனி 0.0006 மில்லிமீற்றர், மனித மயிரின் தடிப்போ 0.05 முதல் 0.1 மில்லிமீற்றர் வரை.

அன்றியும், எல்லா நூல்களும் ஒரே வாய்பாட்டைக் கூறவில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டும் முறையில் அணு, தேர்த்துகள், இம்மி, எள், நெல், விரல் என ஐந்தே படிகள். கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் பரமாணு முதல் அங்குலம் வரை எட்டெட்டாக ஐந்தே படிகள். அம்முறையில் அதே விரலை 32,768 ஆல் வகுக்க, அணு 5,800 அங்ஸ்ட்ரம் அளவாகிவிடும். அது மஞ்சள் ஒளியின் அலைநீளம், அணுவின் அளவன்று. இரு "அணு"க்களுக்கும் இடையே 512 மடங்கு வேற்றுமை! ஆகவே நெல்லுக்குக் கீழுள்ள படிகள் அளந்து பெற்றவையல்ல, எண்ணிப் பெற்றவை என்பது தெளிவு.

இது நம் முன்னோர்க்கு இழுக்காகுமா? ஒருபோதும் ஆகாது. அளக்க வேண்டிய இடத்தில் அவர்கள் செவ்வனே அளந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் காலத்தில் அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரம் முழம், விரல், தோரை எனக் கல்வெட்டிலே பொறிக்கப்பட்டுள்ளது. தோரை ஒருவகை நெல். விரலில் எட்டிலொரு பங்கு. கண்ணுக்கும் கைக்கும் எட்டிய சிற்றளவு அதுவே. விரல் ஆளுக்காள் வேறுபடும் என்பதையும் அவர்கள் அறியாதவரல்லர். சிற்பநூலார் அங்குலத்தை மூவகையாகப் பிரித்தனர். பரமாணுவிலிருந்து வாய்பாட்டால் பெறுவது மானாங்குலம். ஆசாரியர் அல்லது கோயில் எடுப்பிப்பவரின் நடுவிரலில் இருந்து பெறுவது மாத்திராங்குலம். திருமேனியின் உயரத்தையே 124 முதலிய பங்குகளாக வகுத்துப் பெறுவது தேகலப்தாங்குலம். மூன்றாவது முறையில் எவருடைய விரலும் வேண்டியதில்லை. உருவம் சிறிதாயினும் பெரிதாயினும் உறுப்புக்களின் பொருத்தம் மாறாது. இதுவன்றோ நுண்ணறிவு!

மேலைநாட்டாரும் நெடுங்காலம் இதே சிக்கலிலே உழன்றனர். 1799இல் பிளாற்றினக் கோலொன்றை மீற்றரின் மூலமாக வைத்தனர். 1960இல் கிரிப்தன் ஒளியின் அலைநீளத்தை நாடினர். 1983 முதல் ஒளி ஒரு செக்கனில் செல்லும் தூரத்தின் 299,792,458இல் ஒரு பங்கே மீற்றர் ஆயிற்று. யாருடைய கை என்ற வினா அத்துடன் ஒழிந்தது.

இளைஞர்காள்! பழைய அளவொன்றைப் புதிய அளவாக மாற்றும்போது, அது எவருடைய விரல், எந்த நூலின் வாய்பாடு, எந்தப் படிவரை அளந்தது என்று முதலிற் கேட்போமாக. விடை கிடைக்குமிடத்தில் மாற்றுவோம். கிடையாவிடத்தில் மிகைபடக் கூறாது நிற்போம். மிகைப் புகழ் ஒரு நாள் சோதிக்கப்படும். அன்று நாணுவது முன்னோரல்லர், நாமே. அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைப்பது பக்தியாகாது. அவர்கள் செய்ததைச் செய்தவாறே அறிந்து போற்றுவதே அவர்க்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.