திண்டுக்கல் புகையிலை: சுருட்டு முதல் மின்சிகரெட் தடை வரை

திண்டுக்கல் புகையிலை என்பது திண்டுக்கல் சமவெளியில், குறிப்பாக வேடசந்தூர் வட்டாரத்தில், கிணற்றுப் பாசனத்தில் விளையும் புகையிலை ஆகும். சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் இது பயன்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டார இலை திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, அயல்நாடுகளில் பெயர்பெற்ற திருச்சிச் சுருட்டானது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில் அச்சுருட்டின் சாம்பல் ஒரு துப்பாக வருகிறது. பின்னர் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டு ஆலை நடத்தியது. 1948இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

2003இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கினார். இதில் இலை எரிவதில்லை. மின்கலத்தால் சூடாகும் கம்பிச்சுருள் நிக்கோட்டின் கலந்த நீர்மத்தை ஆவியாக்குகிறது. பழச்சுவைகளும், புதியவர்களும் எளிதில் கையாளத்தக்க சிறு கருவிகளும் அதுவரை புகைக்காத இளைஞர்களையும் ஈர்த்தன.

தமிழ்நாடு அரசு 2018இல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்தது; டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆகவே, தொடக்கநிலையினருக்கு ஏற்ற கருவி எது என்ற கேள்விக்கு இந்தியக் கடைகளில் இடமில்லை.

சுருட்டு, சிகரெட் விற்பனையோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுடன் தொடர்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பது குற்றம். இரண்டிலும் அடிமையாக்குவது நிக்கோட்டின்தான். பழைய பொருளை உழவரும் தொழிலாளரும் நம்பி வாழ்கின்றனர்; புதிய பொருள் வேரூன்றும் முன்னரே தடுக்கப்பட்டது.