புறமாறிகள் (உளவியல்)

உளவியல் ஆய்வில் ஆய்வாளர் வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது சாரா மாறி; அதனால் என்ன விளைகிறது என்று அளக்கப்படுவது சார்ந்த மாறி. இந்த இரண்டிலும் சேராமல் முடிவைத் திரிக்கக்கூடியவை அனைத்தும் புறமாறிகள். அறையின் வெப்பம், வெளிச்சத்தம், பங்கேற்பவரின் வயது, தூக்கம், பசி எல்லாம் இதில் அடங்கும். இவற்றுள் ஒன்று சாரா மாறியோடு ஒட்டிக்கொண்டே மாறினால் அது குழப்ப மாறி ஆகிவிடும். ஒரு முறையில் படித்தவர்களுக்குக் காலையிலும் வேறு முறையில் படித்தவர்களுக்குப் பிற்பகலிலும் நினைவாற்றல் சோதனை வைத்தால், மதிப்பெண் வேறுபாட்டுக்குக் காரணம் முறையா நேரமா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

சத்தத்தையும் வெப்பத்தையும் அடக்குவது எளிது. பிடிபடாத புறமாறி ஆய்வாளரேதான். பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டென் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையிலான குழு 1904இல் ஆராய்ந்து, ஏமாற்று எதுவும் இல்லை என்றது. அது உண்மையும்கூட. பிறகு உளவியலாளர் ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் ஒரு நிலையை மாற்றினார்: கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். ஹான்ஸ் தடுமாறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தபோதும் அப்படியே. தட்டல் சரியான எண்ணை எட்டியதும் கேட்பவரின் தலை மிக இலேசாக நிமிரும். குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும். அசைத்தவருக்கே அது தெரியாது. இதைக் கண்டறிந்த பின்னும் ஃபூங்ஸ்டால் தன் அசைவுகளை முழுமையாக அடக்க முடியவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி. நேர்மையும் எச்சரிக்கையும் மட்டும் இங்கே போதாது.

ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, ஆய்வாளரின் இந்தத் தாக்கத்தை உறுதிப்படுத்தியது. சாதாரண எலிகளையே, சோதனையை நடத்திய சில மாணவர்களிடம் ‘புத்திசாலி’ என்றும், மற்றவர்களிடம் ‘மந்தம்’ என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். ‘புத்திசாலி’ எலிகளே நன்றாகக் கற்றதாக முடிவுகள் வந்தன.

புறமாறிகளுக்கு எதிராகப் பல முறைகள் கையாளப்படுகின்றன. பங்கேற்பவர்களைக் குலுக்கல் போலச் சமவாய்ப்பில் குழுக்களுக்குப் பிரிப்பது, அவர்களின் இயல்பான வேறுபாடுகள் ஒரே பக்கம் குவியாமல் தடுக்கும். ஒருவரே பல நிலைகளில் பங்கேற்றால், வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள். ஆய்வாளரின் எதிர்பார்ப்பைத் தடுப்பது இரட்டை மறைப்பு முறை: யார் எந்தக் குழு என்பது பங்கேற்பவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. உளவியல் ஆய்வறிக்கை ஒன்றை வாசிக்கும்போது, அளந்தவருக்குக் குழு விவரம் தெரிந்திருந்ததா என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.