‘ரன்’ என்னும் ஆங்கில வினையும் அகராதி மரபும்: திருவனந்தபுரம் காட்டும் நெறி

முன்னுரை

ஒரு மொழியில் மிகுதியாக வழங்கும் வினையே மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த இடர் தருவதாகும். அருஞ்சொல்லுக்கு அகராதி ஒரு பொருள் கூறித் தெளிவிக்கும். பெருவழக்குச் சொல்லுக்கோ பல பொருள்களை அடுக்கி, தேர்வினைப் பயில்வோரிடமே விட்டுவிடும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்னும் வினை 430க்கும் மேற்பட்ட பொருள்களுடன் மிக நீண்ட பதிவாக விளங்கியது. பின்னர் நிகழ்ந்த திருத்தப் பணியில், 2011இல், ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களுடன் அதனை விஞ்சியது. இத்தகைய வினையைத் தமிழில் எங்ஙனம் கையாள்வது என்னும் வினாவுக்குத் திருவனந்தபுரத்தில் வளர்ந்த அகராதி, சொல்லடைவுப் பணிகள் நல்லதொரு விடை தருகின்றன.

ஓடுவனவும் ஓடாதனவும்

‘ரன்’ என்பதற்கு ‘ஓடு’ என்பதே முதல் நிகர்ச்சொல். குதிரை, பேருந்து, ஆறு, திரைப்படம் ஆகியன இரு மொழியிலும் ஓடுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும் பிற இடங்களில் தமிழ் வேறு வினைகளை நாடுகிறது. கடையை நடத்துகிறோம், மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது, பணம் தீர்ந்துபோகிறது, வழியில் நண்பர் எதிர்ப்படுகிறார். அமெரிக்க ஆங்கிலத்தில் தேர்தலில் ‘ஓடுபவர்’ தமிழில் தேர்தலில் நிற்கிறார். மறுதலையாக, ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்னும் தமிழ் வழக்கை ‘ரன்’ கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்தல் இயலாது.

திருவனந்தபுரத்தில் அருகருகே வழங்கும் தமிழையும் மலையாளத்தையும் ஒப்பிடின் இந்நிலை மேலும் தெளிவாகும். மலையாளத்தில் ஆறு ‘ஒழுகும்’. தமிழ்ப் பேச்சுவழக்கில் ஆறு ஓடும்; ஒழுகுவன கூரையும் மூக்கும். மலையாளத்தில் கூரை ‘சோரும்’, மூக்கு ‘ஒலிக்கும்’. தமிழிலேயே ‘ஒழுகு’ என்பது நடத்தையைக் குறித்து ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லைத் தந்துள்ளது. ஒரே வேரிலிருந்து கிளைத்த வினையே உடன்பிறந்த இரு மொழிகளில் வெவ்வேறு பெயர்களுடன் சேருமாயின், ஆங்கில வினைக்கு ஒரே நிகர்ச்சொல் தேடுவது பொருந்தாது.

பழைய மரபு

பலபொருள் ஒருசொல் என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி இதற்கெனவே அமைந்தது. எனினும் அது பெயர்களின் தொகுதியே. தொல்காப்பியக் கிளவியாக்கம் இத்தகைய சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் துணியும் நெறியைக் கூறுகிறது. ‘மா பூத்தது’ என்னுமிடத்து ‘மா’ விலங்கன்று, மரம் என்பதைப் பூத்தல் வினை உணர்த்துகிறது. ‘ரன்’ போன்ற வினைக்கு இந்நெறியைத் தலைமாற்றிக் கொள்ளல் வேண்டும். உடன்வரும் பெயரே வினையின் பொருளைத் துணிவிக்கும்.

திருவனந்தபுரத்தின் பங்கு

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை (1924–1936) நிறைவுறச் செய்த எஸ். வையாபுரிப்பிள்ளை, அப்பணியை ஏற்கும் முன்னர்த் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். 1950களின் முற்பகுதியில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக அந்நகருக்கு மீண்டார். அப்பல்கலைக்கழகத்திலேயே 1953இல் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை தலைமையில் மலையாள லெக்சிகன் பணி தொடங்கிற்று; முதல் தொகுதி 1965இல் வெளிவந்தது. சொல்லின் பொருள் வளர்ச்சியை மேற்கோள்வழிக் காட்டும் வரலாற்று முறையே அதன் அடிப்படை. ஆக்ஸ்போர்டு அகராதி நிலைநாட்டிய முறையும் இதுவே.

1962இல் வ. அய். சுப்பிரமணியம் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு மற்றொரு திருப்பம். சொற்கள் நூலில் வரும் இடங்களையும் அவற்றின் இலக்கணக் கூறுகளையும் அது ஒருங்கே காட்டியது. ஒரு வினை எப்பெயருடன் வருகிறது என்பதை ஊகித்தறியாது எண்ணியறிய இதனால் வழி பிறந்தது.

இதே காலத்தில், 1963–65இல், சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. பொருள்களை நிரல்படத் தரும் பெரும்பணி அது. ஆயினும் சொல்லடைவு நெறியும் இருமொழி அகராதி நெறியும் தனித்தனியே வளர்ந்தன. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்கால எழுத்துவழக்கிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்து தமிழ் வினைகளின் சேர்க்கையை ஓரளவு புலப்படுத்தியது.

முடிவுரை

இது புலமை அளவில் நின்றுவிடும் சிக்கலன்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வகைசெய்துள்ளது. ஒப்பந்தம் ஐந்தாண்டு ‘ரன்’ ஆகும் என்னும் ஆங்கில வாசகத்தை ‘ஓடும்’ எனப் பெயர்த்தால் பொருள் மயங்கும். ‘நடப்பில் இருக்கும்’ எனின் உரிமை தெளிவாகும். ஆதலின் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பெருவழக்கு வினைகளுக்கு நிகர்ச்சொற்களை மட்டும் அடுக்காது, ஆறு, கடை, சாயம், தேர்தல், ஒப்பந்தம் என உடன்வரும் பெயரின்வழிப் பதிவை வகுத்தல் வேண்டும். அதற்குரிய இலக்கண நெறி கிளவியாக்கத்திலும், செயல்முறை திருவனந்தபுரச் சொல்லடைவிலும் முன்னரே உள்ளன.