புதிய கைபேசியும் ரீசார்ஜ் கட்டணமும்: தொலைத்தொடர்பு நிறுவனங்களின் விலை நிர்ணயம் நியாயமானதா?

2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் ஆகிய நிறுவனங்கள் ஐபோன் 3ஜி கைபேசியை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தன. 8 ஜிபி கொள்ளளவு கொண்ட கைபேசியின் விலை ரூ.31,000. அமெரிக்காவில் அதே கைபேசி 199 டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் 9,000 ரூபாய்க்கும் குறைவாக விற்கப்பட்டது. இந்திய வாடிக்கையாளர்களிடம் மூன்று மடங்குக்கும் கூடுதலாக வசூலிக்கப்படுவதாகப் பரவலாக விமர்சனம் எழுந்தது.

ஆனால், அந்த 199 டாலர் கைபேசியின் முழு விலை அன்று. ஏடி அண்ட் டி நிறுவனத்துடன் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்பவருக்கே அவ்விலை பொருந்தியது. எஞ்சிய தொகை மாதக் கட்டணத்தின் வாயிலாகத் திரும்பப் பெறப்பட்டது. ஒரு கைபேசியின் விலையை மட்டும் பார்த்து நியாயத்தை அளவிட இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட செல்பேசி இணைப்புகள் ப்ரீபெய்டு வகையைச் சேர்ந்தவை. அவ்வாடிக்கையாளரை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்துவதில்லை. 2011 ஜனவரி முதல் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. எனவே, விலை உயர்ந்த கைபேசிகளுக்கு இந்திய நிறுவனங்கள் மானியம் வழங்குவது அரிது. கடைகளிலும் இணையதளங்களிலும் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையையும் ஏற்கும் கைபேசிகளே விற்கப்படுகின்றன.

அத்தகைய கைபேசிகளின் விலை வெளிப்படையானது. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 கைபேசியின் தொடக்க விலை இந்தியாவில் ரூ.79,900 என்றும் அமெரிக்காவில் 799 டாலர் என்றும் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க விலையில் மாநில விற்பனை வரி சேர்க்கப்படுவதில்லை. இந்திய விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியுள்ளது. அவ்வரியை நீக்கினால் கைபேசியின் விலை ஏறத்தாழ ரூ.67,700. அன்றைய மாற்று மதிப்பில் 799 டாலர் ஏறத்தாழ ரூ.67,000. வேறுபாட்டின் பெரும்பகுதி வரியே என்பது இக்கணக்கிலிருந்து புலனாகிறது.

வட்டியில்லா மாதத் தவணை என்று விளம்பரப்படுத்தப்படும் விற்பனையில் சற்றுக் கவனம் தேவை. பூஜ்ஜிய வட்டித் திட்டங்களில் வட்டி பிற பெயர்களில் மறைக்கப்படுவதாக 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. தற்போதைய திட்டங்களில் வட்டித் தொகை விலைத் தள்ளுபடியாக ஈடுசெய்யப்பட்டாலும், வட்டி மீதான ஜிஎஸ்டியையும் செயலாக்கக் கட்டணத்தையும் வாடிக்கையாளரே செலுத்த நேரிடுகிறது.

மலிவு விலைக் கைபேசிகளின் நிபந்தனைகள்

நியாயம் குறித்த உண்மையான கேள்வி விலை உயர்ந்த கைபேசியில் அன்றி, மலிவு விலைக் கைபேசியில்தான் எழுகிறது. குறைந்த வருவாய் உள்ளவர்களை இலக்காகக் கொண்ட கைபேசிகளையே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டணத் திட்டத்துடன் இணைத்து விற்றுள்ளன.

2017 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஜியோபோன் ‘இலவசம்’ என்றே அறிமுகப்படுத்தப்பட்டது. ரூ.1,500 வைப்புத்தொகை செலுத்தினால், மூன்று ஆண்டுகளுக்குப் பின் கைபேசியை ஒப்படைத்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம். ஆண்டுதோறும் குறைந்தது ரூ.1,500-க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை விற்பனை தொடங்கிய பின்னரே பரவலாகத் தெரியவந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் ஏர்டெல், கார்பன் நிறுவனத்துடன் இணைந்து ஏ40 இந்தியன் என்ற கைபேசியை அறிமுகம் செய்தது. விளம்பரப்படுத்தப்பட்ட விலை ரூ.1,399. கடையில் செலுத்த வேண்டியதோ ரூ.2,899. வித்தியாசத் தொகையான ரூ.1,500, இரு தவணைகளில் 36 மாதங்களுக்குள் திரும்ப அளிக்கப்படும். அதற்கு மாதந்தோறும் ரூ.169-க்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும்; அத்திட்டத்தை விரும்பாதவர் முதல் 18 மாதங்களில் ரூ.3,000, அடுத்த 18 மாதங்களில் ரூ.3,000 எனச் செலவிட வேண்டும். ரூ.1,500 திரும்பக் கிடைக்க ரூ.6,000 செலவு என்பது விளம்பரத்தின் பெரிய எழுத்துகளில் இடம்பெறக்கூடிய செய்தி அன்று.

2021 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட் கைபேசியின் கணக்கு சற்றுச் சிக்கலானது. ரொக்க விலை ரூ.6,499. தவணை முறையில் ரூ.1,999 முன்பணம், ரூ.501 செயலாக்கக் கட்டணம், 24 மாதங்களுக்கு மாதம் ரூ.300 என மொத்தம் ரூ.9,700. இதில் மாதம் 5 ஜிபி டேட்டாவும் 100 நிமிட அழைப்புகளும் அடங்கும். கைபேசியை ரொக்கத்திற்கு வாங்கி, அந்த டிசம்பரில் உயர்த்தப்பட்ட ரூ.155 திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் ரீசார்ஜ் செய்திருந்தால் மொத்தச் செலவு ரூ.10,529 ஆகியிருக்கும். அவ்வகையில் தவணைத் திட்டம் மலிவே. ஆனால், ரூ.155 திட்டத்தில் அழைப்புகளுக்கு வரம்பு இல்லை. தவணைத் திட்டத்தில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி வேண்டுமெனில் மாதம் ரூ.450 வீதம் மொத்தம் ரூ.13,300, தனித்தனியாக வாங்கினால் ரூ.12,713. இரண்டு ஆண்டுகளுக்கான தவணை என்ற அளவில் இந்தக் கூடுதல் தொகை மிகையன்று. எனினும், ரொக்க விலையை மட்டும் அறிந்து கடைக்குச் செல்பவர் இக்கணக்கை அங்கேயே போட்டுப் பார்ப்பார் என எதிர்பார்க்க இயலாது.

28 நாள் ‘மாதம்’

செல்பேசிக் கட்டணங்களுக்கு அரசு உச்சவரம்பு நிர்ணயிப்பதில்லை. நிறுவனங்களே கட்டணத்தை முடிவு செய்து, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் (டிராய்) தெரிவிக்கின்றன. 2024 ஜூலை 3 அன்று ஜியோவும் ஏர்டெல்லும், மறுநாள் வோடஃபோன் ஐடியாவும் கட்டணங்களை உயர்த்தின. நாளொன்றுக்கு 1.5 ஜிபி வழங்கும் ஜியோவின் 28 நாள் திட்டம் ரூ.239-லிருந்து ரூ.299 ஆனது. கட்டணங்கள் சந்தை நிலவரப்படி அமைவதாகவும், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின்னரே உயர்வு நிகழ்ந்ததாகவும் மத்திய அரசு விளக்கம் அளித்தது.

நிறுவனங்களின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. 2022 அலைக்கற்றை ஏலத்தில் மட்டும் சுமார் ரூ.1.5 லட்சம் கோடிக்கு ஏலம் எடுக்கப்பட்டது. அதேவேளையில், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஜியோ ஈட்டும் சராசரி மாத வருவாய் 2024 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ரூ.181.7 ஆக இருந்து, அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் ரூ.203.3 ஆக உயர்ந்தது. மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விலையை உயர்த்தும்போது, நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையால் வாடிக்கையாளருக்குக் கிட்டும் பயன் குறைவு.

28 நாள் கால அளவால் ஆண்டுக்கு 12 முறைக்குப் பதிலாக 13 முறை ரீசார்ஜ் செய்ய நேரிடுகிறது. ரூ.299 திட்டத்தில் ஆண்டுச் செலவு ரூ.3,588 அன்று, ரூ.3,887. குறைந்தது ஒரு 30 நாள் திட்டத்தையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்க ஒரு திட்டத்தையும் ஒவ்வொரு வகையிலும் வழங்க வேண்டும் என 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. 28, 56, 84 நாள் திட்டங்கள் அதனால் மறைந்துவிடவில்லை.

இணைய வசதி தேவைப்படாதோரும் டேட்டாவுக்குச் சேர்த்தே பணம் செலுத்தும் நிலை இருந்ததால், அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட தனித் திட்டங்களைக் கட்டாயமாக்கி 2024 டிசம்பரில் டிராய் விதிகளைத் திருத்தியது. அடுத்த மாதம் ஜியோ அறிவித்த 84 நாள் திட்டம் முதலில் ரூ.458 ஆகவும், சில நாள்களில் ரூ.448 ஆகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதுவரை அதே 84 நாள்களுக்கு 6 ஜிபி டேட்டாவுடன் கூடிய திட்டம் ரூ.479-க்குக் கிடைத்துவந்தது. டேட்டாவை முற்றிலும் விட்டுக்கொடுத்தவருக்குக் கிடைத்த சலுகை ரூ.31, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 காசு. ஏர்டெல்லில் இந்த வேறுபாடு ரூ.40 (ரூ.509, ரூ.469).

வெவ்வேறு நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிடுவதற்கான வசதி டிராய் இணையதளத்தில் உள்ளது. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. கட்டணம் தொடர்பான புகாரை முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிலும் அளிக்க வேண்டும். கைபேசி விற்பனை, தவணை, பணத்தைத் திரும்ப அளித்தல் ஆகியவை குறித்த புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.